பனி இறங்கும் பருவம்

மார்ச் 20-ஐ ஒட்டி நாட்காட்டியில் வசந்தம் பிறந்துவிடுகிறது. கலிபோர்னியாவுக்கும் நெவாடாவுக்கும் நடுவே, சியரா நெவாடா மலைத்தொடரில் இருக்கிற தாஹோ ஏரிக்கரையில் அன்றைக்குப் போய் நின்றால் அதற்கான அடையாளம் ஒன்றும் கண்ணில் படாது. கூரையிலிருந்து சரிந்த பனி ஜன்னல் வரைக்கும் குவிந்திருக்கும். பைன் மரங்களின் அடிப்பகுதி பனிக்குள் புதைந்திருக்கும். மேற்கே தாலக் சிகரம் உச்சி முதல் அடி வரை வெள்ளையாக நிற்கும். ஆனாலும் வசந்தத்தின் முதல் வேலை அதற்குள் நடந்து முடிந்திருக்கக்கூடும். யாரும் பார்க்க முடியாத இடத்தில், ஏரியின் இருண்ட ஆழத்தில், குளிர்காலத்தின் கடைசி வாரங்களில் அது நடக்கிறது.

மலை ஏரிகளின் வசந்தத்தைப் பூக்களிலிருந்து பேசத் தொடங்குவதுதான் வழக்கம். பூக்களுக்கும் வருவோம். ஆனால் அங்கே பூப்பதும் பாடுவதும் நீந்துவதும் ஒரே ஒரு பொருளின் அசைவைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கின்றன. அது தண்ணீர். அது எங்கே உறைந்து நிற்கிறது, எப்போது அவிழ்கிறது, எந்த அளவுக்குக் கனக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பார்க்கிறவருக்கு அந்த வசந்தம் இரண்டு மடங்கு இன்பம் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

தாஹோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 35 கிலோமீட்டர் நீளம், 19 கிலோமீட்டர் அகலம், மிக ஆழமான இடத்தில் 501 மீட்டர். அமெரிக்காவில் இதைவிட ஆழமான ஏரி ஓரிகான் மாநிலத்தின் கிரேட்டர் ஏரி மட்டும்தான். 63 ஓடைகள் இதில் வந்து விழுகின்றன. வெளியே போவதற்கு ட்ரக்கி ஆறு ஒன்றே வழி. அந்த ஆறும் கடலைப் பார்ப்பதில்லை. நெவாடாப் பாலைவனத்தில் பிரமிட் ஏரியில் போய் முடிந்துவிடுகிறது. தாஹோவுக்குள் வந்த ஒரு துளி, சராசரியாக 650 ஆண்டுகள் உள்ளேயே தங்கியிருக்கிறது.

இவ்வளவு உயரத்தில், இவ்வளவு பனிக்கு நடுவில் இருந்தும் தாஹோ உறைவதில்லை. எமரால்ட் குடா போன்ற ஆழம் குறைந்த ஒதுக்குப்புறம் சில ஆண்டுகளில் உறையும், பேரேரி உறையாது. ஏன் என்ற கேள்விக்குப் பொருத்தமான விடையைச் சொன்னவர் ஜான் லெகாண்ட் என்ற இயற்பியல் பேராசிரியர். 1873-இல் அவர் படகில் போய், கயிற்றில் வெப்பமானியைக் கட்டி ஏரிக்குள் இறக்கினார். மேற்பரப்பில் கோடை வெப்பம் இருந்தது. இறங்க இறங்கக் குறைந்துகொண்டே போய், ஆழத்தில் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில் வந்து நின்றது. அதே பயணத்தில் வெள்ளைச் சாப்பாட்டுத் தட்டு ஒன்றையும் கயிற்றில் கட்டி இறக்கினார். அது கண்ணை விட்டு மறையும்போது ஆழம் 33 மீட்டர்.

அந்த 4 டிகிரிதான் மலை ஏரிகளின் சூட்சுமம். பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கிக் கனத்துக்கொண்டே போகும். நன்னீர் 4 டிகிரி வரைதான் அப்படி நடந்துகொள்ளும். அதற்குக் கீழே போனால் மறுபடியும் விரிந்து லேசாகிவிடும். ஆகவே ஓர் ஏரியின் மேற்பரப்பு உறைய வேண்டுமென்றால், முதலில் குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்க வேண்டும். கீழிருந்த நீர் மேலே வந்து அதுவும் குளிர வேண்டும். இப்படியே மொத்த ஏரியும் 4 டிகிரிக்கு வந்த பிறகுதான் மேலே உள்ள நீர் மேலேயே தங்கி உறையத் தொடங்கும். தாஹோவில் உள்ள தண்ணீரின் அளவுக்கு ஒரு குளிர்காலம் போதாது. அந்த வேலை முடிவதற்குள் வெயில் திரும்பிவிடுகிறது.

மேற்பரப்பு இப்படிக் குளிர்ந்து குளிர்ந்து, பிப்ரவரி, மார்ச் வாக்கில் ஆழத்து நீரின் வெப்பநிலையைத் தொடுகிறது. அப்போது மேலுக்கும் அடிக்கும் கனத்தில் வித்தியாசம் இருப்பதில்லை. ஒரு பெரும்புயல் அடித்தால் போதும், ஏரி அடிவரை கலங்குகிறது. மேலிருக்கும் உயிர்வளி அரைக் கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. அடியில் சேர்ந்து கிடந்த நைட்ரேட் உப்புகள் வெளிச்சத்துக்கு ஏறி வருகின்றன. அவற்றைத் தின்று நுண்பாசிகள் பெருகுகின்றன; பாசியைத் தின்று மிதவை உயிர்கள், அவற்றைத் தின்று மீன்கள். இந்த முழுக் கலக்கம் ஆண்டுதோறும் நடப்பதில்லை. சராசரியாக மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் அடியைத் தொடுகிறது. 2019-இல் தொட்டது, 2023-இல் தொட்டது. வசந்தத்துக்கான விருந்தைக் கடுங்குளிர் சமைத்து வைத்துவிட்டுப் போகிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

தாஹோவுக்கு மேலே, 2,400 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், பனிப்பாறைகள் குடைந்த கருங்கல் குழிகளில் ஏராளமான சின்னஞ்சிறு ஏரிகள் இருக்கின்றன. அவற்றின் கதை வேறு. ஆழம் குறைவு என்பதால் சீக்கிரமே 4 டிகிரிக்கு வந்து, நவம்பர், டிசம்பரில் மூடிக்கொள்கின்றன. மேலே பனிக்கட்டிக் கூரை. அதையொட்டி 0 டிகிரி நீர். அடியில் 4 டிகிரியை ஒட்டிய, கனமான, சற்றே வெதுவெதுப்பான நீர். ஆறேழு மாதங்கள் காற்றும் இல்லை, வெளிச்சமும் மிகக் குறைவு. உள்ளே இருக்கும் உயிர்வளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. ஜூனில் விளிம்பில் முதலில் ஒரு நீல வளையம் தோன்றும். பிறகு பனிக்கட்டி சாம்பல் நிறமாகி, செங்குத்தான ஊசிகளாகப் பிளந்து, ஒரு காற்றில் மொத்தமாக நொறுங்கும். மேல்நீர் 4 டிகிரிக்கு ஏறியதும் இங்கேயும் ஏரி புரள்கிறது. பேரேரிக்கு மார்ச்சில் கிடைத்த மூச்சு, சிற்றேரிக்கு ஜூனில், சில ஆண்டுகளில் ஜூலையில் கிடைக்கிறது.

இனி பனி. கரையில் நின்று பார்க்கிறவருக்கு, ஏப்ரல் வெயிலில் பனி இப்போதே உருகி ஓடிவிடும் என்று தோன்றும். ஓடாது. குளிர்காலம் முழுதும் படிந்த பனிக்குள் பூஜ்யத்துக்குக் கீழான குளிர் தேங்கி நிற்கிறது. பகலில் மேலே உருகிய நீர் உள்ளே இறங்கி அங்கே மறுபடி உறைகிறது. உறையும்போது அது வெளிவிடும் வெப்பம் சுற்றியுள்ள பனியை ஒரு படி சூடாக்குகிறது. இப்படி நாள்தோறும் நடந்து, மேலிருந்து அடிவரை முழுப் படிவமும் 0 டிகிரிக்கு வந்த பிறகுதான் முதல் சொட்டு தரையை எட்டும். அதற்குப் பிறகும் அவசரம் கிடையாது. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்கத் தேவைப்படும் வெப்பம், அதே ஒரு கிராம் தண்ணீரை 0-இலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கப் போதுமானது. போதாததற்குப் புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். பழையதாகி, அழுக்கேறி, குருணையாகக் கரடுதட்டிய பிறகுதான் வெயிலை உள்ளே விடுகிறது. சியராவின் வசந்தம் மூன்று நான்கு மாதங்களுக்கு நீள்வது இந்தப் பிடிவாதத்தால்தான்.

பனியின் ஆழத்தை வைத்து அதற்குள் இருக்கும் நீரைச் சொல்ல முடியாது. புதுப்பனியில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர். ஏப்ரல் பனியில் பாதியை நெருங்கும். இதை அளக்கும் எளிய வழியைக் கண்டுபிடித்தவர் ரீனோ நகரில் உள்ள நெவாடாப் பல்கலைக்கழகத்தில் லத்தீன் கற்பித்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் சர்ச். மலையேறுவதில் அவருக்குத் தீராத ஆசை. ஏரிக்கு வடகிழக்கே 3,285 மீட்டர் உயரமுள்ள ரோஸ் சிகரத்துக்குக் குளிர்காலத்தில் ஏறி, உச்சியில் ஒரு வானிலைக் கூடமே அமைத்தார். அப்போது ஏரியின் நீர்மட்டத்தை முன்வைத்துக் கரையோர வீட்டுக்காரர்களுக்கும், கீழே ஆற்றுநீரை நம்பியிருந்தவர்களுக்கும் இடையே பெரிய வழக்கு. வசந்தத்தில் எவ்வளவு நீர் இறங்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு திறந்துவிடலாம் என்று முடிவு செய்யலாமல்லவா? சர்ச் ஒரு நீண்ட உலோகக் குழாயின் வாயில் பற்கள் வெட்டி, அதைப் பனிக்குள் தரைவரை திருகி இறக்கினார். உள்ளே சிக்கிய பனியோடு குழாயை வெளியே எடுத்துத் தராசில் தொங்கவிட்டார். எடையைப் பார்த்தாலே அதற்குள் எத்தனை அங்குலம் தண்ணீர் என்று தெரிந்துவிடும். நூறாண்டு கடந்தும் அந்தக் குழாய் அதிகம் மாறாமல் உலகின் பல மலைகளில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஏரிக்குத் தெற்கே பிலிப்ஸ் என்ற இடத்தில் ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் இந்த அளவீடு நடக்கும். சியராவில் பனியின் நீர்ச்சேமிப்பு உச்சத்தில் இருப்பது அந்த நாள்களை ஒட்டித்தான். 2015 ஏப்ரல் 1 அன்று அங்கே அளக்கப் பனியே இல்லை. ஆளுநர் ஜெரி பிரவுன் காய்ந்த புல்தரையில் நின்றுகொண்டு, மாநிலம் முழுதும் நகரங்கள் தண்ணீர்ப் பயன்பாட்டை 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று அறிவித்தார். 2023 ஏப்ரல் 3 அன்று அதே இடத்தில் பனியின் ஆழம் 321 சென்டிமீட்டர். உருக்கினால் 137 சென்டிமீட்டர் தண்ணீர். எட்டு ஆண்டு இடைவெளியில் ஒரே புல்வெளி இப்படி இரு முகங்களைக் காட்டியது. அங்கே இவ்வளவுதான் வழக்கம் என்று சொல்லவே தயக்கமாக இருக்கிறது.

மே மாதத்தில் ஓடைகளின் அருகே தங்கினால் ஒரு விஷயம் காதில் விழும். காலையில் ஓடை பேச்சுக்குரல் அளவில் சலசலக்கும். பனி அதிகமாக உருகுவது நண்பகலுக்குப் பிறகு. அந்த நீர் சரிவுகளைக் கடந்து வந்து சேர மணிக்கணக்காகும். மாலை ஐந்து, ஆறு மணிக்கு மேல் ஓடையின் குரல் தடித்துக்கொண்டே வந்து, பக்கத்தில் இருப்பவரோடு கத்திப் பேச வேண்டியதாகிவிடும். பெரிய ஓடைகளில் நள்ளிரவில்தான் உச்சம். விடிந்தால் மீண்டும் இறங்கிவிடும். மழையே பெய்யாமல் நாள்தோறும் ஒரு முறை வெள்ளம் வந்து வடிகிற ஊர் அது.

ஏரியை அடைந்ததும் அந்த நீர் மேலே பரவுவதில்லை. அதற்குள் ஏரியின் மேற்பரப்பு வெயிலில் சூடேறியிருக்கும். வரும் நீரோ பனியின் குளிரோடு, ஆகவே கனத்தோடு வருகிறது. அடிச்சரிவைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, தன் கனத்துக்கு ஒத்த அடுக்கு வந்ததும் பக்கவாட்டில் பரவுகிறது. கூடவே கண்ணுக்குத் தெரியாத மண்துகள்களையும் கொண்டுவருகிறது. 16 மைக்ரானுக்கும் சிறிய அந்தத் துகள்கள் எளிதில் படியாமல் மிதந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. 1968 முதல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள், சார்லஸ் கோல்ட்மன் தொடங்கிவைத்தபடி, ஒரு வெள்ளை வட்டத்தட்டை இறக்கித் தெளிவை அளந்து வருகிறார்கள். லெகாண்டின் சாப்பாட்டுத் தட்டுக்கு ஏறக்குறைய அதே அளவுதான். 1968-இல் ஆண்டுச் சராசரி 31 மீட்டரை ஒட்டி இருந்தது. இப்போது 20 மீட்டருக்குப் பக்கத்தில் ஊசலாடுகிறது. சாலை, கட்டடம், வாகனம் எல்லாம் சேர்ந்து அரைத்த தூசிதான் இதில் பெரும்பங்கு.

பனி பின்வாங்கும் கோட்டில்தான் வசந்தம் நடந்து ஏறுகிறது. அந்தக் கோட்டோரம், ஈரமான பைன் ஊசிச் சருகைப் பிளந்துகொண்டு முளைக்கும் ஓர் உயிரை மண்டியிட்டுப் பார்க்க வேண்டும். சார்கோடெஸ் சங்குயினியா என்பது அதன் அறிவியல் பெயர். அங்குள்ளவர்கள் பனிச்செடி என்கிறார்கள். ஒரு சாண் உயரத் தண்டு. அடிமுதல் நுனிவரை ரத்தச் சிவப்பு, வெயில் பட்டால் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தெரியும். தடித்த செதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்தியிருக்க, ஒவ்வொரு செதிலுக்கு அடியிலும் பூ ஒளிந்திருக்கும்; நம் வாழைப்பூவை நிமிர்த்தி வைத்ததுபோல. பூக்கள் மணி வடிவில், அவையும் சிவப்பு. பச்சை என்பது அணுவளவும் இல்லை. இலைப்பச்சையம் இல்லாததால் வெயிலில் உணவு தயாரிக்க இதற்குத் தெரியாது. மண்ணுக்குள் பைன் வேர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் பூஞ்சை இழைகளிலிருந்து, மரம் சமைத்த உணவைத் தனக்கு இழுத்துக்கொள்கிறது. சுற்றிலும் எல்லாச் செடிகளும் வெயிலுக்காகக் காத்திருக்கும்போது இது மட்டும் காத்திருக்கத் தேவையில்லாமல் முந்திக்கொள்வது இதனால்தான்.

இன்னொரு சிவப்பு, பனியின் மேலேயே படரும். ஜூன் மாதத்தில் உயரமான சரிவுகளில் பனி தர்பூசணிச் சதையின் நிறம் கொள்ளும். கிளமிடோமோனாஸ் நிவாலிஸ் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் பாசிவகையின் வேலை அது. பாசி பச்சைதான், கடும் வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் சிவப்பு நிறமியைப் போர்த்திக்கொள்கிறது. நிறம் கூடியதால் பனி வெயிலை அதிகம் வாங்கி, அந்த இடத்தில் சற்று விரைவாக உருகுகிறது. பாசிக்கு வேண்டியதும் அந்த நீர்தான்.

பறவைகள் வேறு கடிகாரத்தைப் பார்க்கின்றன. மலைச் சிக்கடி என்ற உள்ளங்கையளவுப் பறவை, பகல் நீளத் தொடங்கியதுமே பனிக்கு நடுவில் பாட ஆரம்பித்துவிடும். உச்சத்தில் ஒன்று, இறங்கி இரண்டு என மூன்று சீழ்க்கை. உள்ளூர்க் குழந்தைகள் அதைச் 'சீஸ்-பர்-கர்' என்று கேட்கிறார்கள். ஒரு முறை அப்படிக் கேட்டுவிட்டால் வேறு எப்படியும் கேட்க முடிவதில்லை.

மீன்களின் கடிகாரம் ஓடைகள்தான். கீழ்த்தாடைக்கு அடியில் செங்கீற்று உடைய லஹொன்டன் கட்த்ரோட் ட்ரவுட் மீன், உருகுநீர் பெருகும் வசந்தத்தில் ஏரியை விட்டு ஓடைகளில் எதிரேறி முட்டையிடும். இந்த ஏரியின் சொந்தக்காரர்களான வாஷோ மக்கள், கீழ்ப்பள்ளத்தாக்குகளில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் மேலே வருவார்கள். சேமித்த உணவு தீர்ந்துகொண்டிருக்கும் நேரம். பனி முழுதும் விலகுவதற்கு முன்பே இளையவர்கள் முதலில் ஏறிவந்து மீன் பிடித்து, கீழே காத்திருக்கும் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தவர்கள் வணிகத்துக்காக அள்ளிக் குவித்ததும், காடுகளை வெட்டியதும், அணைகள் கட்டியதும், வெளியூர் மீன்களைக் கொண்டுவந்து விட்டதும் சேர்ந்து 1930-களின் இறுதிக்குள் தாஹோவில் அந்த மீனை இல்லாமலாக்கின. பிரமிட் ஏரியிலும் அது அழிந்தது. 1925-இல் 18 கிலோவுக்கும் அதிகமான எடையில் ஒன்று பிடிபட்ட ஏரி அது. பிறகு நெவாடா, யூட்டா எல்லையில் பைலட் சிகரத்தின் சிற்றோடை ஒன்றில் யாரோ எப்போதோ கொண்டுவிட்ட அதே குலத்தின் வழித்தோன்றல்கள் உயிரோடு இருப்பது தெரியவந்தது. 2006-இல் அவை பிரமிட் ஏரிக்குத் திரும்பின. 2014 வசந்தத்தில், முக்கால் நூற்றாண்டுக்குப் பின், ட்ரக்கி ஆற்றில் ஏறி முட்டையிட்டன. அந்தச் செய்தியைக் கண் கலங்காமல் என்னால் படிக்க முடியவில்லை.

மேலே உள்ள சிற்றேரிகளில் மஞ்சள்கால் தவளை. பனிக்கட்டிக் கூரைக்கு அடியில், அந்த 4 டிகிரி நீரில்தான் இது குளிர்காலம் முழுவதும் கிடக்கிறது. கோடை அவ்வளவு குறுகியது என்பதால் தலைப்பிரட்டை தவளையாவதற்கே இரண்டு மூன்று குளிர்காலங்கள் ஆகிவிடும். மீனே இல்லாதிருந்த இந்த ஏரிகளில் தூண்டில்காரர்களுக்காக ட்ரவுட் மீன்களைக் கொண்டுவிட்டதில் இவை ஏறத்தாழத் துடைத்தெடுக்கப்பட்டன. பூஞ்சைநோய் ஒன்றும் சேர்ந்துகொண்டது. சியராவின் சில ஏரிகளிலிருந்து மீன்களை அகற்றியதும் தவளைகள் பெருகித் திரும்பின.

கரையிலேயே காத்திருக்கும் செடியும் ஒன்று உண்டு. தாஹோ மஞ்சள் கிரெஸ், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது, மணலோடு ஒட்டி வளர்வது, அரிசியளவு மஞ்சள் பூ. உலகில் இந்த ஏரியின் கரையைத் தவிர வேறெங்கும் இல்லை. ட்ரக்கி ஆறு புறப்படும் இடத்தில் 1913-இல் கட்டி முடித்த 17 மதகுள்ள அணை, ஏரியின் மேல் 1.86 மீட்டர் நீரைத் தேக்குகிறது. பனி நிறைந்த ஆண்டில் ஏரி நிரம்பி மணல்கரை மூழ்கும். கிரெஸ் மணலுக்கடியில் வேராகக் கிடந்து, நீர் வற்றும் ஆண்டில் எழும். ஊரே வறட்சி என்று வருந்தும் வசந்தம் அதற்கு நல்ல வசந்தம்.

இந்தக் கடிகாரங்கள் இப்போது ஒன்றோடொன்று பொருந்தாமல் ஓடத் தொடங்கியிருக்கின்றன. டேவிஸ் ஆய்வாளர்களின் கணக்குப்படி, 1910 வாக்கில் ஏரிப்பகுதியில் பெய்ததில் பாதிக்குச் சற்று மேல் பனியாக விழுந்தது. இன்று மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். மீதி மழை. உருகுநீரின் உச்சம் 1961-ஐ விட இரண்டு வாரத்துக்கும் மேல் முன்னால் வந்துவிட்டது. பகலின் நீளமோ மாறவில்லை. பகலைப் பார்த்துப் புறப்படும் உயிருக்கும் பனியைப் பார்த்துப் புறப்படும் உயிருக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. குளிர்காலம் மென்மையானால் பேரேரியின் அடிக்கு மூச்சு போவதும் தள்ளிப்போகிறது. இதை அறிந்துகொண்டு அங்கே போவது மகிழ்ச்சியைக் குறைக்கும் என்று நான் நினைக்கவில்லை. கூர்ந்து பார்க்க வைக்கும்.

போக முடிந்தவர்கள் ஜூன் பிற்பகுதியில் ஃபாலன் லீஃப் ஏரியிலிருந்து க்ளென் ஆல்பைன் வழியாக, சூசி ஏரி, ஹெதர் ஏரி தாண்டி அலோஹா ஏரிவரை நடக்க வேண்டும். கீழே கோவேறு கழுதையின் காதுபோன்ற இலைகளோடு வைத்தியா செடி மஞ்சளாகப் பூத்துக் கோடை தொடங்கியிருக்கும். பாதி வழியில் ஆஸ்பென் மரங்கள் இப்போதுதான் தளிர்விடும். பனிச்செடியைப் பார்க்க வேண்டிய இடம் அதுதான். அலோஹாவில் பனிக்கட்டி இன்னும் மிதந்துகொண்டிருக்கலாம். காலையில் கோடையில் புறப்பட்டு, மதியத்துக்குள் மார்ச் மாதத்துக்குள் போய்விடலாம். விடியலிலேயே கிளம்பிவிடுவது நல்லது. பாதையைக் குறுக்கே வெட்டும் ஓடைகளில் காலையில் கணுக்காலளவு இருந்த நீர், திரும்பி வருவதற்குள் முழங்காலைத் தாண்டி இழுக்கும். அப்படி இழுத்தால் கடக்க முயலாமல், கரையிலேயே தங்கி மறுநாள் காலைவரை பொறுத்திருக்க வேண்டும். அதற்குத் தேவையான கம்பளியும் உணவும் பையில் இருக்கட்டும்.